காகிதக் குகையின் உள்ளாள்

மைதா மாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சும்போது ஒரு வாசனை வரும். பசியையும் குமட்டலையும் ஒன்றாகக் கிளப்புகிற வெதுவெதுப்பான வாடை அது. போன வாரம் சிதம்பரத்தில், முதுகெலும்பை ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒருவர் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து பசையை அள்ளிச் சுவரில் இழுத்தார். காற்று இந்தப் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். கடலூரில் எங்கள் பங்குக் கோயிலுக்குள், என் சின்ன வயதின் ஒரு தவக்காலத்துக்குள் போய் விழுந்தேன்.

என் வயதொத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததில்லை. முட்டி வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று நாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது மூக்கு மட்டும் நம்மைக் கேட்காமல் எங்கேயோ கிளம்பிவிடுகிறது. அதைப் பிடித்து நிறுத்த இப்போது எனக்குத் தெம்பு இல்லை. போகட்டும் என்று விட்டேன். பின்னாலேயே நானும் போனேன்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. மலை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற செம்மண் மேடு ஒன்று உண்டு. அதில் ஏறி இறங்கினால் பாவாடை ஓரம் சிவக்கும், அவ்வளவே. பாறை கிடையாது. பாறை இல்லாத ஊரில் குகை ஏது? ஆனால் ஈஸ்டருக்குக் குகை வேண்டும். ஆண்டவரைக் குகையில்தானே அடக்கம் செய்தார்கள். அதனால் வருஷா வருஷம் எங்கள் பங்கில் ஒரு குகையைச் செய்தார்கள். மூங்கில் பிளாச்சில் கூடு கட்டி, அதன் மேல் கோணி போர்த்தி, கோணியின் மேல் காக்கித்தாளும் பழைய செய்தித்தாளும் அடுக்கடுக்காக ஒட்டி, கசக்கி, மடிப்பு விட்டு, வர்ணம் அடித்தால் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு குகை நிற்கும். உள்ளே உயிர்த்த ஆண்டவரின் மரச் சுரூபம். மேலே பெட்டி மூடியைப் போல இரண்டு கதவு. அவற்றைக் காகிதப் பாறை மறைத்திருக்கும். கப்பியில் ஒரு கயிறு. ஈஸ்டருக்கு முந்தின இரவின் பாஸ்காப் பூசையில், வியாழக்கிழமையிலிருந்து வாய் திறக்காத மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும்போது, மூடி இரண்டும் திறக்கும், விளக்கு எரியும், ஆண்டவர் கொடியோடு மேலே எழும்புவார்.

தானாக எழும்ப மாட்டார். உள்ளே ஒருவர் உட்கார்ந்து கயிற்றை இழுக்க வேண்டும். அவருக்கு எங்கள் பங்கில் உள்ளாள் என்று பெயர். முன்பக்கத்து வாய் வழியாக அவர் குனிந்து உள்ளே போனதும், காகிதத்தில் செய்த வட்டக் கல்லை வாயில் பொருத்தி, சுற்றிலும் துண்டுத்தாள் ஒட்டி, அதன் மேலும் வர்ணம் பூசிவிடுவார்கள். விரிசல் தெரியக் கூடாது. பூசை தொடங்குவதற்கு முன்னால் போனவர், மணி அடிக்கிறவரைக்கும் இருமாமல், தும்மாமல், குந்தியபடியே இருக்க வேண்டும். இது எங்கள் குடும்பத்தின் முறை. என் அம்மாவின் அப்பாதான் எனக்குத் தெரிந்து உள்ளாள். ஐப்பசியில் அவர் இறந்துபோனார். நான் சொல்கிற தவக்காலம் அதற்கு அடுத்து வந்தது. முறை அவருடைய ஒரே மகனுக்கு வந்தது. என் மாமாவுக்கு.

மாமா அந்த வருஷம் வீட்டுக்குள் படுக்கமாட்டார். மொட்டை மாடியில், மழை தூறினாலும் மாடியில். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடமாட்டார். உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று சத்தமாகப் பாடுவார். குரல் நன்றாக இருக்காது. அம்மா வெளியிலிருந்து கத்துவாள்.

"டேய் தம்பி, கதவ சாத்திக்கினு குளிச்சா இன்னா, தண்ணி கொறஞ்சிடுமா?"

"பாட்டு நல்லாயில்லையாக்கா?"

"கோழியெல்லாம் தெருவ வுட்டு ஓடிப்போச்சி."

சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். முந்தின கோடையில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து மாமாவும் அவருடைய கூட்டாளியும் மாட்டிக்கொண்டார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூட்டாளி போய்விட்டார், மார்புவரை புதைந்திருந்த மாமாவைத் தோண்டி எடுத்தார்கள். அம்மாவின் வாயில் அது இவ்வளவுதான்: "மண்ணு வுழுந்துச்சி, எடுத்தாங்க, ஆண்டவர் புண்ணியத்துல எழுந்து வந்துட்டான்." முடிந்துபோன ஒன்றைச் சொல்லும் குரல். அதற்குப் பிறகு மாமா கிணற்று வேலைக்குப் போகவில்லை. சோம்பேறி ஆகிவிட்டான் என்றார்கள். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். சிதம்பரத்தில் ஒரு பெண் பார்த்தார்கள்.

குகை கட்டும் வேலை குருத்து ஞாயிறுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பள்ளி விட்டதும் நாங்கள் கோயிலுக்கு ஓடுவோம். பழைய செய்தித்தாள் கொண்டுவருகிற பிள்ளைகளுக்குப் பசை அண்டாவைக் கிண்ட அனுமதி உண்டு. கொதிக்கிற பசை வெடித்து வெடித்து முட்டை முட்டையாக வாய் திறந்து மூடும். தவக்கால வழக்கப்படி ஊதாத் துணி போர்த்திய சுரூபங்கள் சுற்றிலும் நின்றன. ஒவ்வொன்றும் யார் என்று காலைப் பார்த்துக் கண்டுபிடிப்போம்.

குகையை எங்கள் ஊரில் யாருமே பார்த்ததில்லை என்பதுதான் அந்த வேலையின் அழகு. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் அதைக் குகை என்றார். கையை விரித்து, ஒட்டகம் நுழைகிற மாதிரி பெரியதாகக் காட்டுவார். பங்குசாமி கல்லறை என்றுதான் சொல்லுவார். குகை என்றால் சரித்திரப் பாடமாகிவிடுகிறதாம். அம்மாவுக்கு அது கெபி. தோட்டத்தில் மாதா நிற்கிற கல் மாடம்தான் அவள் அறிந்த ஒரே குகை. கெபி என்றால் அதில் மெழுகுவத்தியும் பூவும் இருக்க வேண்டும். கோயில் கூட்டுகிற பெண்கள் பொந்து என்றார்கள். பீடச் சிறுவர்கள் சுரங்கம் என்றார்கள், நெய்வேலிப் பக்கம் போய்வந்த பெருமையில். வர்ணம் அடிக்க வந்தவர் செஞ்சிக்காரர், கட்அவுட் வரைகிறவர். கல்லுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த ஒரே ஆள்.

"நாங்க சின்னப் புள்ளையில ஆடு மேய்க்கச்சொல்ல மழை வந்தா பாறை இடுக்குல பூந்துக்குவோம். அதுதான் குகை. உள்ள ஆட்டுப் புழுக்கை நாத்தம் அடிக்கும்," என்றார்.

"புழுக்கை நாத்தமெல்லாம் வேணாம். கலர மட்டும் அடி," என்றார் உபதேசியார்.

"இன்னா கலரு?"

அதில்தான் சண்டை. உபதேசியார் கறுப்பு என்றார். அம்மா, நம்ம ஊர் மண் மாதிரி சிவப்பாக இருக்கட்டும் என்றாள். பங்குசாமி எருசலேம் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதில் எல்லாம் எலும்பு நிறத்தில் இருந்தது. கடைசியில் செஞ்சிக்காரர் எல்லாவற்றையும் கலந்து, துணிக்குப் போடுகிற நீலத்தையும் கொட்டி ஒரு நிறத்தை உண்டாக்கினார். மழைக்கு முந்தின கடல் மாதிரி இருந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை. அதனால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மாமா கோயில் வாசற்படியில் உட்கார்ந்து, மூங்கில் சீவிக் கொடுப்பார். குகைக்குப் பக்கத்தில் வரமாட்டார். நான் பசைக்கையோடு அவரிடம் போய் நிற்பேன். அப்போது எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. பூமிக்குள் இருக்கிற இடங்களின் பேரை நான் சொல்ல வேண்டும். அவர் அதற்குத் தீர்ப்புச் சொல்லுவார்.

"நண்டு வளை," என்பேன்.

"நல்லது. பக்கத்துல வாய். பூந்து வந்துடலாம்."

"எலிப் பொந்து?"

"ரொம்ப நல்லது. அதுக்கு ரெண்டு வாசல். எலி கெட்டிக்காரி, மருமவளே."

"கிணறு?"

கத்தி மூங்கிலில் இறங்குகிற சத்தம் மட்டும் வரும்.

"பக்கத்துல வாய் இருந்தா நாமளே வந்துடலாம். மேல வாய் இருந்தா யாராச்சும் வந்து தூக்கணும். அதான் வித்தியாசம்," என்று ஒருநாள் சொன்னார்.

இப்போது என் மேசையில் தடித்த அகராதி இருக்கிறது. முழை, அளை, விடர், பாழி, பிலம், சுருங்கை, நிலவறை என்று அதில் பூமிக்குள் இறங்குவதற்கு எத்தனையோ படிகள். தூக்கம் வராதபோது புரட்டுகிறேன். சிங்கம் படுக்கிறது எது, தண்ணீர் ஓடுகிறது எது, பொன் புதைக்கிறது எது என்று எல்லாம் பிரித்துச் சொல்கிறது. உள்ளே போனவன் தானாக வர முடியுமா, யாராவது தூக்க வேண்டுமா என்று மட்டும் அது பிரிக்கவில்லை. ஒரு சொல் போதாதா என்று சலிப்பாக இருக்கிறது சில சமயம். இருக்கிற சொற்களையே தூக்கி நிறுத்த முடியாத வயதில் அதைப் பிரித்துச் சொல்லப் புதிதாக ஒன்று எதற்கு என்றும் இருக்கிறது.

தவக்காலத்தில் நிச்சயதார்த்தம் வைக்க மாட்டார்கள். ஆனாலும் பேசி வைக்கலாம் என்று அம்மா மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனாள். பெண்ணின் அப்பா ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. எங்களுக்கு மிக்சரும் காப்பியும் வந்தன.

"மாப்பிள்ளைக்கு இப்ப இன்னா வேலை?"

"இப்போதைக்குக் கோயில் வேலைதாங்க," என்றாள் அம்மா அவசரமாக. "பாஸ்காவுக்கு உள்ளாள் இவன்தான். எங்க அப்பா முறை. எங்க பங்குல அது பெரிய மரியாத."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியானால் ஈஸ்டருக்கே வருகிறோம், பார்க்கிறோம், மறுநாள் நாள் குறித்துவிடலாம் என்றார். மாமா தொண்டையைச் செருமினார். அந்தக் கணத்தில்தான் எல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டது என்று இப்போது தெரிகிறது. அந்தக் காகிதக் கூண்டுக்குள் மாமா உட்கார்ந்தால் அந்தப் பெண். உட்காராவிட்டால் இல்லை.

பெரியவர்கள் பேசட்டும் என்று மாமாவையும் பெண்ணையும் வீதி சுற்றிவர அனுப்பினார்கள். காவலுக்கு நான். பெண்ணுக்கு வெடுக்கென்று பேசுகிற வாய். கோபுரத்தைத் தாண்டும்போது சொன்னாள்:

"எங்க ஊர்ல ஒரு பிலம் இருக்குதாம், தெரியுமா? பாதாளத்துலேருந்து ஒரு முனிவரு அது வழியாத்தான் ஏறி வந்தாராம். கதைதான். நாங்க மாதா கோயிலு வேதக்காரங்க, இருந்தாலும் எங்க ஊரு கதைய நாங்கதான் சொல்லணும்."

"அதுக்குப் பக்கத்துல வாயா, மேல வாயா?" என்று கேட்டார் மாமா.

அவள் நின்றுவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

யாரும் அதுவரை அவரிடம் எதற்கு என்று கேட்டதில்லை. தேர் நிற்கிற இடத்தில் நிழல் இருந்தது. அங்கே நின்று மாமா சொன்னார். எனக்கு வாங்கிக்கொடுத்த நன்னாரி சர்பத்தை உறிஞ்சிக்கொண்டு, இருவருக்கும் நடுவில் நின்று நான் கேட்டேன்.

"அவன் கூடையில மண்ணு அள்ளக் குனிஞ்சிருந்தான். நான் நின்னுக்கினு இருந்தேன். அதான் வித்தியாசம். மண்ணு வந்து மார் வரைக்கும் ஏறிடுச்சி. அவன் என் காலுக்குக் கீழ. என் கெண்டைக்காலப் புடிச்சிக்கினு இருந்தான். கெட்டியா. நான் மேல பாத்துக் கத்துறேன், வட்டமா வானம் தெரியுது, யாரோ எட்டிப் பாக்குறாங்க. அவன் புடிச்சிக்கினே இருந்தான். அப்பறம் புடி தளந்துச்சி."

"இது உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"மண்ணு வுழுந்தது தெரியும்."

"இப்ப அந்தக் குகைக்குள்ள ஒக்காரணுமா?"

"ம்."

"முடியுமா?"

"முடியும்," என்றார் மாமா. அந்த வயதில் எனக்கே அது பொய் என்று தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஊர் திரும்புகிற பஸ்ஸில், மாமா முன்னால் நின்றபடி வர, நான் கேட்டதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கால், பிடி, வானம். அம்மா என் வாயைப் பொத்தினாள். "இத வெளிய சொல்லித் தொலைக்காத. பொண்ணு வீட்டு காதுல வுழுந்தா ராசி இல்லாதவன்னுடுவாங்க." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "ஒரு தடவ உள்ள ஒக்காந்து எழுந்தா எல்லாம் போயிடும். பயம்னா அப்படித்தான் போவும்." அவள் கெட்டவள் இல்லை. தம்பிக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும் என்று தவக்காலம் முழுக்க ஒரு வேளைதான் சாப்பிட்டாள். என்னுடைய இந்த வயதில் அவளைத் திட்டலாம் என்றால் வாய் வரவில்லை; அவளுக்கு அப்போது இப்போதைய என்னைவிட எவ்வளவு சின்ன வயது.

பெரிய வியாழன் அன்று மாமா ஒரு யோசனையோடு வந்தார். மணியை நிறுத்தி மரக்கட்டையைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். கட்டைச் சத்தம் கோயில் முழுக்கக் காய்ந்துபோய்க் கேட்டது.

"ஐயா, பின்னால சின்னதா ஒரு வழி வெச்சிக்கலாமா? காத்துக்கு," என்றார் உபதேசியாரிடம்.

"காத்துக்கா?"

"ஒரு கோணித்துணி தொங்கவுட்டா போதும். வெளிய தெரியாது."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு விசுவாசம் சார்ந்த கேள்வி வந்துவிட்டால் கண்ணாடி அழுக்காகிவிடும்.

"தம்பி, கல்லறைக்குப் பின்வாசல் வெச்சா அதுக்கு அர்த்தம் இன்னா? சீடருங்க ராவுல வந்து ஆண்டவர் ஒடம்பத் தூக்கிக்கினு போயிட்டாங்கன்னு அன்னிக்கே சொன்னானுங்க. நாமளே வழி வெச்சிக் குடுக்கலாமா?"

"யாரு ஐயா பின்னால வந்து பாக்கப் போறாங்க?" என்றார் செஞ்சிக்காரர், ஏணி மேலிருந்து.

"நீ கலர் அடி. உங்க அப்பா அந்தக் காலத்துல மூச்சு வுடாமயா இருந்தாரு தம்பி? இன்னாத்துக்குப் பயம்? மேலத்தெரு ஆளுங்க ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்காங்க. முறைய வுட்டுட்டா அப்பறம் வராது."

செஞ்சிக்காரர் மாமாவிடம் குனிந்து, "மாப்ள, நான் வேணா தாளை லேசா ஒட்டுறேன்," என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும். வெளியூர் ஆள்.

சனிக்கிழமை மதியம் ஒத்திகை. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. பெண்கள் பித்தளை மெழுகுவத்தித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக் குழு ஆர்மோனியத்தோடு ஒரு பக்கம். சிதம்பரத்துக்காரர்கள் அப்போதுதான் வந்து இறங்கி, முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெண்ணின் அப்பா கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பெண் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

போன வருஷம் இடுக்கு வழியாக விளக்கு வெளிச்சம் கசிந்துவிட்டதாம். அதனால் இந்த முறை கல்லை வைத்து ஒட்டியே பார்த்துவிட வேண்டும் என்று உபதேசியார் சொன்னார். மாமா சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். பனியன் முதுகில் வியர்வை. குனிந்து உள்ளே போனார். கல்லை வைத்தார்கள். செஞ்சிக்காரர் துண்டுத்தாள்களை ஒட்டினார். உபதேசியார் விரலால் அழுத்தி அழுத்திச் சரிபார்த்தார். ஈரப் பசையின் வாடை கோயில் முழுக்கப் பரவியது.

பாட்டுத் தொடங்கியது. மணி அடிக்கக் கூடாத நாள் என்பதால் உபதேசியார் கையைத் தட்டிச் சைகை கொடுத்தார். மூடி திறக்கவில்லை. மறுபடி தட்டினார். "தம்பி, இழு!" ஆர்மோனியம் அதே வரியில் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இருமல் இல்லை, அசைவு இல்லை. அவ்வளவு பெரிய மனிதர் ஒரு காகிதத்துக்குப் பின்னால் எப்படி அப்படி இல்லாமல் போக முடியும்?

பிறகு ஒரு கை வந்தது. வாய்ப்பக்கத்தில் இல்லை, மேலே மூடியில் இல்லை. பாறை மடிப்பு அழகாக விழுந்து, பசையும் வர்ணமும் முழுசாகக் காயாமலிருந்த இடது பக்கச் சுவரில், தாளையும் கோணியையும் பிய்த்துக்கொண்டு, முழங்கைவரை நீலமாக. அது காற்றில் எதையோ தேடியது. பிறகு தோள். பிளாச்சு முறிந்தது. பிறகு தலை. மாமா அப்படியே தரையில் வந்து விழுந்து, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆண்டவரின் சுரூபம் கிழிசல் வழியாகக் கையைத் தூக்கியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆர்மோனியம் நின்றது. பாட்டுக் குழுவில் யாரோ, "கிழிச்சாரு போ," என்றார்கள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது.

எல்லோரும் ஓடினார்கள். குகையிடம். அதுதான் இன்றைக்கும் எனக்கு அலுக்கிறது. இத்தனை நாள் வேலை, இன்னும் சில மணி நேரத்தில் பூசை, பசை காயுமா, தாள் இருக்கிறதா என்று அத்தனை கைகளும் அந்தக் கிழிசலைத் தடவிப் பார்த்தன. உபதேசியாருக்குக் கண்ணில் நீர். அம்மா கிழிசலுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "இவ்ளோ எடம் இருக்குதே," என்றாள். "இதுல இன்னாடா பயம் உனக்கு? ஒரு ஆளு தாராளமா ஒக்காரலாமே."

பெண்ணின் அப்பா எழுந்து சட்டையைச் சரிசெய்தார். கோபமெல்லாம் படவில்லை. ஆபீஸில் ஒரு மனுவைத் திருப்பி அனுப்புகிற சாந்தத்தோடு அம்மாவிடம் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. காயிதத்துக்குள்ள செத்த நேரம் ஒக்கார முடியாதவரு, குடும்பத்துல நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா நிப்பாரா? நாங்க கெளம்புறோம்."

"பூசை பாத்துட்டுப் போங்க ஐயா, சாப்பாடெல்லாம் சொல்லிவெச்சிருக்குது…"

"இருக்கட்டும்."

மேலத்தெருவிலிருந்து ஆள் வந்தது. அன்றைய பாஸ்காவில் ஆண்டவர் ஒரு குறையும் இல்லாமல் எழுந்தார். இடது பக்கத்தில் வர்ணம் காயாத ஒரு திட்டு மட்டும் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முறை அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்துக்கு வரவே இல்லை. பிற்பாடு காகிதக் குகையையும் விட்டுவிட்டார்கள்.

மாமா பரங்கிப்பேட்டை ஏஜென்ட் ஒருவர் வழியாக வெளிநாடு போனார். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. எத்தனையோ மாடி உயரத்தில், நாலு பக்கமும் காற்று. அங்கிருந்து அனுப்பிய போட்டோவில் வெறும் கம்பியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பயந்தாங்கொள்ளி என்று சொன்ன அத்தனை பேரும் அந்தப் போட்டோவைக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு புதுச்சேரிப் பக்கம் கல்யாணம் ஆனது, பிள்ளைகள், கடலூரில் நிறைய ஜன்னல் வைத்த வீடு. ஊரில் பழைய ஆட்கள் இன்னமும் அவரைக் "கிழிச்ச மாமா" என்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். சிதம்பரத்துப் பெண்ணைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தார்களாம். மாமாவும் அவளும் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

போன வாரம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே வெள்ளையாக ஒரு குழாய். என் மகள் வயதுப் பெண் ஒருத்தி என்னைப் படுக்கவைத்து, கையில் ரப்பர் குமிழ் ஒன்றைத் திணித்தாள். "உள்ள போனதும் ஆடாதீங்க மேடம். சில பேருக்குப் பயமா இருக்கும், அது சகஜம். முடியலைன்னா இத ஒரு அமுக்கு அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துடுவேன்." எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் அதை அமுக்கவில்லை. ஆனால் மெஷின் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அந்தக் குமிழை விடவும் இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்த ஒத்திகை மதியத்தில் நான் பார்த்த கடைசிக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது.

கோயிலுக்குள் பசையும் கூச்சலுமாக இருந்தபோது மாமா எழுந்து வெளியே போனார். நான் சட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தோட்டத்தில் அடிபம்பு. அவர் அதன் அடியில் கையை நீட்டிக்கொண்டு குந்தியிருந்தார். அடிக்க ஆள் இல்லை என்பதுகூடத் தெரியாமல். நான் கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். எனக்கு முன்னால் வேறு இரண்டு கைகள் அதைப் பிடித்தன. சிதம்பரத்துப் பெண். வளையல் குலுங்கக் குலுங்க அடித்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. மாமா கையைத் தேய்த்தார். நீலம் கரைந்து கரைந்து வாழைப் பாத்திக்குள் ஓடியது. முகத்தில், காதோரத்தில், புருவத்தில் எல்லாம் பசை.

"காதுகிட்ட இருக்குது," என்றாள்.

கழுவினார்.

"அந்தக் காது."

அதையும் கழுவினார். வெளியே தெருவிலிருந்து அவளை அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அடிப்பதை நிறுத்தவில்லை. மாமா நிமிர்ந்து, முகத்தில் தண்ணீர் வழிய, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"எல்லார் எதுருலயும் உன்ன அசிங்கப்படுத்திட்டேன், இல்ல?"

அவள் கைப்பிடியை விட்டாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் கூப்பிட்டார்கள். வாசல் பக்கம் நடந்தவள், மாதா கெபி வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க உள்ள போனதுலேருந்து நான் மூச்சே வுடல. நீங்க வெளிய வந்து வுழுந்தீங்க பாருங்க, அப்பத்தான் வுட்டேன்."